மோல்டு வெட்டும் முன் பாம்பனுக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு தொழில்நுட்ப நிறுவனங்கள் புதுப் பொருள் கொண்டுவர முதலீடுதான் தடை என்று உங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். தடைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாம்பனில் இருபது வருடமாகப் படகுகளுக்கு ஜிபிஎஸ்ஸும், கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் மாட்டிப் பழுது பார்ப்பவன் நான். பணம் கிடைத்த பிறகு நடக்கிற கூத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

போன வருடம் வெளியூரிலிருந்து ஒரு சின்ன கம்பெனி, மொத்தமே ஆறேழு பேர், கடல் எல்லை நெருங்கினால் கத்துகிற கருவி ஒன்றோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மென்பொருளும் பிரமாதம். பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தது. தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் அது நல்ல தண்ணீர்க் கணக்கு. உப்புக்காற்றுக்கு வேறு சோதனை இருக்கிறது, 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனி மாதிரி நாள்கணக்கில் தூவிப் பார்ப்பார்கள். அதைச் செய்யவே இல்லை. மூன்றாவது வாரம் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். சார்ஜ் போடும் துளையில் பச்சையாகக் களிம்பு ஏறி, தொட்டதும் உள்ளே இருந்த உலோகப் பின் ஒன்று கையோடு வந்துவிட்டது. தொடுதிரை மீன் அள்ளிய ஈரக்கையைக் கண்டுகொள்ளவில்லையாம். டீசல் இன்ஜின் சத்தத்தில் அந்த பீப் யாருக்குக் கேட்கும்? "இதுக்கு வாக்கி டாக்கியே போதும்ண்ணே" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன், மறுக்கவில்லை. பெட்டி வார்க்கிற அச்சு, அதாவது மோல்டு, வெட்டியாகிவிட்டது, இனி பெட்டியை மாற்றக் கையில் காசில்லை என்றார்கள். ஆறு பேர் கம்பெனிக்கு இன்னொரு மோல்டு என்றால் கடையை மூட வேண்டியதுதான். சரி, அதை வெட்டும் முன்பே, சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தாவது நாலு மாதிரி கொடுத்திருக்கலாமே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் சும்மா நிற்கும், பழுது வேலையும் அப்போதுதான். அந்த நேரத்தில் மாட்டிவிட்டால் தடை முடிந்து கடலுக்குப் போகும் முதல் நாளே பிழை தெரிய ஆரம்பித்துவிடும். இவர்கள் வந்ததோ ஜூலையில், வழவழ தாளில் அச்சடித்த நோட்டீஸோடு.

அடுத்த தடைக்காலத்துக்கு யாராவது மாதிரி கொண்டுவந்தால் நானே மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாம்பன்