இரவுச் சந்தை மின்கருவியை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்குள்ள இரவுச் சந்தைகளில் வலி நிவாரண மின்கருவிகளை, செத்த நரம்புக்கும் உயிர் கொடுக்கும் என்று கூவி விற்கிறார்கள். நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்கிப்போன என் அத்தைக்கும் ஒன்று வாங்கினார்கள். தோல் சுள்ளென்று குத்தியது. கால் பெருவிரல் துளியும் அசையவில்லை.

எப்படி அசையும்? அக்கருவி தரும் ஒவ்வொரு மின்துடிப்பும் ஒரு மில்லிவினாடிக்கும் (வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகவே நீடிக்கும். அது நரம்பைத் தூண்டும். நரம்புத் தொடர்பே அற்ற தசையைச் சுருங்க வைக்கப் பல பத்து மில்லிவினாடிகள் நீளும் துடிப்பு வேண்டும். அதற்கான கருவி வேறு; அளவை இயன்முறை மருத்துவர்தான் பார்த்து வைக்க வேண்டும். அதுவும் நரம்பை ஒட்ட வைக்காது. நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் நரம்பு வளர்ந்து வரும்வரை தசை மெலிவதைத் தாமதப்படுத்தலாம் என்பதே எதிர்பார்ப்பு. அதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நீரிழிவால் கால் மரத்துப்போன நம் பெரியவர்களை நினைத்தால்தான் பதறுகிறது. சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடக்கூடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மலேசிய மருத்துவச் சாதன ஆணையம் இந்த விற்பனையை உடனே கவனிக்க வேண்டும். எச்சரிக்கையைத் தமிழிலும் வெளியிட வேண்டும்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு