ஒரு சொல், ஒரு பொருள் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த வாரம் ஞாயிறு இணைப்பில், பத்து ஆங்கிலச் சொற்கள் பகுதிக்கு மேலே, "ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை மனப்பாடம் செய்தால் போதும், ஆங்கிலம் வசப்படும்" என்று போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். உங்கள் பகுதியை வாராவாரம் வெட்டி ஒட்டிய மூன்று நோட்டுகள் என் தையல் மிஷின் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் போன மார்கழியில் ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டாக்டரைப் பார்ப்பது மறுநாள்தான். பித்தப்பை, கணையம், மண்ணீரல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தது. நோட்டைப் புரட்டினால் 'ரிமார்க்கபிள் - சிறப்பான, பாராட்டத்தக்க'. அப்படியானால் மூன்றுமே கெட்டுப்போய்விட்டன என்றுதானே நினைப்பேன்? அவரிடமும் சொல்லவில்லை, பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. காலையில் டாக்டர், "சொல்லிக்கிற மாதிரி ஒரு கோளாறும் இல்லைன்னு அர்த்தம்மா" என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இது முதல் தடவையும் இல்லை. நகைக்கடன் கடிதத்தில் ஒரு தொகைக்கு 'அவுட்ஸ்டாண்டிங்' என்று வந்தது. நீங்கள் தந்த பொருள் 'தலைசிறந்த'. கட்ட வேண்டிய பாக்கி அது என்று கவுன்ட்டரில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதற்கு அங்கே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 'சாங்ஷன்' என்றால் தடை என்றீர்கள். நாடுகளைப் பற்றிய செய்தியில் அது சரி. லோன் சாங்ஷன் ஆனது என்றால் கடனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றல்லவா அர்த்தம்? ரசீதுக்கான சொல்லை 'ரிசிப்ட்' என்று அச்சிட்டிருந்தீர்கள். வேலைக்குப் போன இடத்தில் என் மகன் அப்படியே சொல்ல, அதை 'ரிசீட்' என்று சொல்ல வேண்டும் என்று எல்லார் முன்னாலும் திருத்தினார்களாம். அப்போதே ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 'செட்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 400-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. தாங்கள் அறியாததல்ல. பிறகு எப்படி 'ஒரு பொருள் போதும்' என்று எழுத மனம் வந்தது? கான்வென்ட்டில் படிக்கும் பிள்ளை தவறாகப் படித்தால் திருத்த வீட்டில் ஆள் இருக்கும். எங்களுக்கு உங்கள் பத்திரிகைதான் இருக்கிறது.

பத்துச் சொல் வேண்டாம், ஐந்து போடுங்கள். பேங்க் கடிதத்திலோ ஆஸ்பத்திரிச் சீட்டிலோ வந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கூடவே ஒரு வரி சேருங்கள். முதலில், 'அவுட்ஸ்டாண்டிங்' என்பதற்கு 'நிலுவை' என்றும் பொருள் உண்டு என்று வரும் ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். வெட்டி, பழையதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
மன்னார்குடி