‘கணுவுக்குக் கணு பெண் பூ’ வெள்ளரி விதைப் பொட்டலத்தில் சொல்லாமல் விட்ட தகவல் குறித்த புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் வீரிய ஒட்டு வெள்ளரி விதையை வாங்கி வீட்டுத் தோட்டத்தில் போட்டிருந்தேன். முளைப்பில் எனக்குக் குறையே இல்லை. பத்து விதையில் ஒன்பது ஐந்தாம் நாளே மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. கொடியும் நல்ல வீரியம். பந்தல் ஏறிய பிறகு நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம்.

40 நாள் வாக்கில் பூ எடுத்தது. எல்லாமே பெண் பூ. ஒவ்வொன்றின் அடியிலும் முள் முளைத்த சின்னஞ்சிறு பிஞ்சு. பொட்டலத்தின் முகப்பில் ‘கணுவுக்குக் கணு பெண் பூ, கொடி நிறையக் காய்’ என்று போட்டிருந்தீர்கள். சொன்னபடியே வந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பூ வாடிய நான்கைந்து நாளில் பிஞ்சுகள் நுனியிலிருந்து மஞ்சளாகி, வெம்பி, தொட்டாலே உதிர்ந்தன. இப்படியே நான்கு வாரம். காலையில் பந்தலுக்கு அடியில் கிடக்கும் பிஞ்சுகளைப் பொறுக்கும்போது மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் உதவி எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். முதலில் பேசியவர் தண்ணீர் போதவில்லை என்றார். மண் காயாமல்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், ஈரம் காக்க மண்மேல் சருகு மூடாக்கும் போட்டிருந்தேன். இரண்டாவதாகப் பேசியவர் சத்துக் குறைபாடு, உரம் வையுங்கள் என்றார். வைத்தேன். இலை இன்னும் கரும்பச்சை ஆனது, உதிர்வு நிற்கவில்லை. இருவரில் ஒருவர்கூட ‘ஆண் பூ இருக்கிறதா?’ என்று கேட்கவில்லை. என் வருத்தத்தில் பாதி இதனால்தான்.

சாதாரண வெள்ளரியில் முதலில் ஆண் பூதான் வரும், அதற்குப் பிறகே பெண் பூ. இங்கே ஒன்பது கொடியையும் இலை இலையாக விலக்கிப் பார்த்தும் ஒரு ஆண் பூ கிடைக்கவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். பெண் பூவே பூக்கும் ரகங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆண் பூவின் மகரந்தம் படாமலே விதையில்லாமல் காய்ப்பது. மற்றது, மகரந்தம் பட்டால்தான் காய்ப்பது. இரண்டாவது வகை விதையோடு ஆண் பூ பூக்கும் ரகத்தின் விதையையும் 10 முதல் 15 சதவீதம் கலந்து, அடையாளம் தெரிய வேறு நிறம் பூசித் தருவது விதைத் தொழிலில் வழக்கம். உங்கள் பொட்டலத்தில் பத்தும் ஒரே நிறம். எந்த வகை என்பதும் எங்கேயும் எழுதியில்லை.

ஊகத்தில் பழி சொல்லக் கூடாது என்று சோதித்தும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் நாட்டு வெள்ளரி பூத்திருந்தது. அன்று காலை மலர்ந்த ஆண் பூக்களைக் கேட்டு வாங்கி, இதழ்களைக் கிள்ளிவிட்டு, ஆறு பெண் பூக்களின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியில் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். அதே நாளில் மலர்ந்த வேறு ஆறு பூக்களுக்கு வெள்ளை நூல் மட்டும். சிவப்பு நூல் கட்டியதில் ஐந்து காயாகத் திரண்டன. வெள்ளை நூல் கட்டிய ஆறும் உதிர்ந்துவிட்டன. தண்ணீர், உரம், வெயில் எல்லாம் பன்னிரண்டுக்கும் ஒன்றுதான். படங்களைத் தேதியோடு இணைத்திருக்கிறேன், பொட்டலத்தின் இரு பக்கமும் தொகுதி எண்ணும் அவற்றில் தெளிவாகத் தெரியும்.

பெரிய தோட்டக்காரருக்கு இது தெரிந்த விஷயமாக இருக்கலாம். பத்து விதைப் பொட்டலத்தை வாங்குபவர் என்னைப் போல நாலைந்து தொட்டி வைத்திருப்பவர். அவருக்குப் பொட்டலத்தில் இருப்பதுதான் வழிகாட்டி. ‘கொடி நிறையக் காய்’ என்பதற்கு இடம் இருந்த அட்டையில் ‘அருகில் ஆண் பூ தரும் ரகமும் வேண்டும்’ என்று ஒரு வரி எழுத இடம் இல்லையா? அந்த ஒரு வரி இருந்திருந்தால் பக்கத்திலேயே இரண்டு நாட்டு விதை ஊன்றியிருப்பேன். முதன்முறை தோட்டம் போட்டவர் எத்தனை பேர் இது தன் கைராசி என்று நினைத்து விட்டுவிட்டார்களோ!

எனக்கு விதையின் விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மகரந்தம் இல்லாமல் காய்க்கும் ரகத்தை மாற்றாகத் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்தத் தொகுதியில் மீதமிருக்கும் பொட்டலங்களில் இந்தக் குறிப்பை ஒட்டி அனுப்புங்கள். இனி அடைப்பவற்றில் நிறம் பூசிய துணை விதையையும் சேருங்கள். உதவி எண்ணில் பேசுபவர்கள் உரம் வைக்கச் சொல்வதற்கு முன் ஆண் பூவைப் பற்றிக் கேட்கட்டும். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கொடிகளை இன்னும் பிடுங்கவில்லை. யாராவது நேரில் வந்து பார்ப்பதானாலும் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்