ஊசி எங்களிடம் இருக்கிறது, அம்மா

நீலகிரி உறவுகளுக்கு,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் 41 பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த பையனும் நேற்று சாயங்காலம் வந்துவிட்டான். அவன் அம்மா வாசலில் ஆரத்தி எடுத்தபோதுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது. கோத்தகிரி இறக்கத்தில் எங்கள் பள்ளிச் சுற்றுலா பஸ் விபத்தில் சிக்கியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

பனிமூட்டத்தில் டார்ச் வெளிச்சத்தை நம்பிச் சரிவில் இறங்கி வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், கைகோத்து நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலே ஏற்றிவிட்ட படுகர் ஊர்த் தம்பிகள், கேரட் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்ட பிக்கப் வண்டிக்காரர், 108 ஊழியர்கள், விடியும்வரை உட்காராத நர்ஸ்கள், ரத்தம் கொடுத்தவர்கள், டீயும் வர்க்கியும் கம்பளியும் கொடுத்துவிட்டுக் காசைத் தொட மறுத்த கடைக்காரர் என எல்லோருக்கும் நன்றி. உங்களில் பாதிப் பேரின் முகத்தைக்கூட அந்த இருட்டில் நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஒருவர் முகம் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த, நீலகிரியின் தோடர் பழங்குடியைச் சேர்ந்த அம்மா அவர். வீட்டுக்காரரைச் சேர்த்திருந்ததால் வந்திருந்தார். எங்களுக்காக வந்தவர் இல்லை. அவருக்கே ஆயிரம் கவலை இருந்திருக்கும்.

எங்கள் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறியதிலிருந்து குகைகளை உரக்க எண்ணிக்கொண்டே வந்தவள். பதினாறாவது குகை முடிந்ததும் பெட்டியே அதிரக் கத்தினாள். மன்னார்குடிப் பக்கத்து வயல்காட்டில் வளர்ந்த பிள்ளை, மலை என்பதையே அன்றுதான் பார்த்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கூட உட்கார்ந்திருந்த சிநேகிதியை உள்ளே கொண்டுபோன நேரத்திலிருந்து வாயே திறக்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. நான் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

அந்த அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுத் துணியையும் ஊசியையும் சிவப்பு நூலையும் எடுத்து அவள் மடியில் வைத்து, "எண்ணிப் பார்த்துக் குத்து கண்ணு, எண்ணிக்கை தப்பினா பூ வராது" என்றார்.

தோடர் பூவேலையில் துணிமேல் கோடு போட்டுக்கொள்வது கிடையாது. நெசவின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். முடிந்த பிறகு பார்த்தால் நெய்ததா தைத்ததா என்று சொல்வது கடினம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அந்த ராத்திரிதான் பார்த்தேன்.

அவர் தன் மொழியில் மெல்ல எண்ணினார். மூன்றுக்கு வந்தபோது நம் 'மூணு' சாயலில் காதில் விழுந்தது. பெண் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து இழையை எண்ணத் தொடங்கினாள், உதடு மட்டும் அசைந்தது. தப்பாகக் குத்தியபோதெல்லாம் அவர் பேசாமல் பிரித்துக் கொடுத்தார். நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு மணி இருக்கும், டாக்டர் வெளியே வந்து, கால் எலும்பு முறிவுதான், உயிருக்குப் பயமில்லை என்றார். அப்போதுதான் அவள் வாய் திறந்தது. "டீச்சர், நாலு வரி முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் போர்வையின் ஒரு முனையை இழுத்து அவளுக்கும் போர்த்தினார்.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று காலையில்தான் ஊட்டிப் பக்கம் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போயிருந்தோம். இருபதே நிமிடம். வளைந்த கூரையையும் தவழ்ந்து நுழையும் சின்ன வாசலையும் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். நேரமாகிறது என்று விரட்டி பஸ்ஸில் ஏற்றியவள் நான். அங்கிருந்த யாரிடமும் ஒரு வார்த்தை பேசவிடவில்லை. முந்தின நாள் தெப்பக்காட்டு யானைகள் முகாமில் யானைக்குக் கேழ்வரகுக் களி ஊட்டுவதை மட்டும் மணிக்கணக்காக நின்று பார்த்தோம். அந்த யானைகளோடு பிறந்து வளர்ந்த பாகன்களிடம் காட்டைப் பற்றி ஒரு கேள்விகூட நாங்கள் கேட்கவில்லை.

மத்தியானம் கன்னேரிமுக்கில், அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் வீட்டில், ஒரு பையன் கேட்டான்: "1819ல இவர்தான் நீலகிரியைக் கண்டுபிடிச்சார்னா, அப்ப இங்க இருந்தவங்க யாரு டீச்சர்?" 1117ஆம் ஆண்டின் போசள அரசர்கள் காலத்துக் கல்வெட்டிலேயே தோடர் பேர் இருக்கிறது என்று சொல்லி அவனைப் பாராட்டினேன். கல்வெட்டில் இருந்த பேர் எனக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி எங்கள் பிள்ளையைத் தேற்றியவரின் பேரைக் கேட்கத் தோன்றவில்லை. விடியற்காலை எங்களை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிய அவசரத்தில் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டோம்.

பெற்றோர்கள் சம்மதித்தால் அடுத்த வருஷமும் பிள்ளைகளைக் கூட்டி வருவேன். ஏழு இடம் பார்க்கும் திட்டமெல்லாம் வேண்டாம். வரலாமா என்று முன்கூட்டியே கேட்டு, வரச் சொன்னால் ஒரே ஊரில் நாள் முழுக்க இருப்போம். கேமராவைப் பையிலேயே வைத்திருப்போம். பேசப் பிரியப்படுகிறவர்கள் பேசட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். தோடரோ கோத்தரோ இருளரோ குறும்பரோ, பாடப்புத்தகத்துப் பெயர்களாக மட்டும் என் வகுப்பில் இனி இருக்கமாட்டார்கள்.

இதைப் படிக்கிற யாருக்காவது அந்த அம்மாவைத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று தெரியாமல் எங்களுக்கு மனசு ஆறவில்லை. துணியும் ஊசியும் அந்தப் பெண்ணிடம் பத்திரமாக இருக்கின்றன. ஐந்தாவது வரி பாதியில் நிற்கிறது. கறுப்பு நூல் எங்கே தொடங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லையாம், அம்மா, உங்களிடம்தான் கேட்கவேண்டும் என்கிறாள்.

கண்ணீரோடும் நன்றியோடும்,
அவர்களுடைய சமூக அறிவியல் டீச்சர்