பழைய டிரக்கில் புது சீட் மாட்டித் தரும் பட்டறை நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

புது வண்டியில் கழற்றிய சீட்டைப் பழைய டிரக்கில் மாட்டித் தரச் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. முதுகுக்கு நல்ல தாங்கலும் தலைக்குச் சாய்மானமும் கிடைக்கின்றன. ஆனால் உறைக்கும் தையலுக்கும் இரண்டு நாள் உழைத்துவிட்டு, சீட்டைத் தரையோடு பிடிக்கும் வேலையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இந்த மடல்.

மோதலின்போது சீட் தன் எடையைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது பன்னாட்டுச் சோதனை விதிகளில் கார், இலகு வண்டிகளுக்கு உள்ள அளவு. 25 கிலோ சீட்டுக்கு அது 500 கிலோ. பெல்ட்டின் எல்லா முனைகளும் சீட்டிலேயே உள்ள வகை என்றால் ஆளின் எடையும் அந்த நாலு போல்ட்டில்தான் விழும். 75 கிலோ ஆளோடு சேர்த்து அதே கணக்கில் 2,000 கிலோ. தோள்பட்டி மேலிருந்து இழுப்பதால் பின் போல்ட்டுகள் மேல்நோக்கிப் பிடுங்கும். பழைய கேபினின் தரைத் தகடோ பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிப்புதான் இருக்கும், அதிலும் துரு தின்றது போக மீதி. வெறும் வாஷர் போட்டால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அந்த வகை சீட்டைப் பழைய டிரக்கில் மாட்டவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெல்ட்டைப் பூட்டும் பக்கிள் மட்டும் சீட்டில் இருந்தால்கூட அதைத் தரையின் பழைய பெல்ட் பிடிப்பிடத்துக்கு மாற்றுவது நல்லது.

பழைய சீட் உட்கார்ந்த இடத்தில் தொழிற்சாலையே வலுவூட்டியிருக்கும். முடிந்தவரை அந்தத் துளைகளையே பயன்படுத்துங்கள். புதுத் துளை போட்டே ஆக வேண்டுமானால் முதலில் டிரக்கின் அடியில் படுத்து பிரேக் குழாய், எரிபொருள் குழாய், ஒயர் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். பழைய பிக்கப் சிலவற்றில் எரிபொருள் டேங்க் கேபினுக்குள்ளேயே சீட்டுக்குப் பின்னால் இருக்கும். டேங்கை இறக்காமல் அங்கே வெல்டிங் கூடாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிப்பில் 75 மி.மீ. சதுரத் தகடு, தரையின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, முனை மழுக்கி வைக்க வேண்டும். போல்ட் 8.8 கிரேடுக்கு (தலையில் பொறித்திருக்கும் வலிமை எண்) குறையாத எம்10 (10 மி.மீ. விட்டம்). துளை விளிம்புக்கு ஜிங்க் பிரைமர். போல்ட்டைச் சேஸிஸ் வரை நீட்டிப் பிடிக்காதீர்கள்: கேபின் ரப்பர் மவுண்டில் தனியாக அசைகிறது, இரண்டையும் பூட்டினால் தரைத் தகட்டில் விரிசல் விழும்.

புது சீட்டின் ரெயில் (சீட்டை முன்பின் நகர்த்தும் தடம்) தட்டைத் தரைக்கு ஏற்பச் செய்தது; பழைய தரையில் மேடும் சரிவும் உண்டு. அதனால் இடையில் ஒரு சட்டம் வேண்டும். பெட்டிக் குழாயில் செய்தால் போல்ட் போகும் இடமெல்லாம் உள்ளே ஸ்லீவ் (சிறு குழாய்த் துண்டு) வைத்து வெல்டிங் செய்யுங்கள். இல்லாவிட்டால் முடுக்கும்போது குழாய் நசுங்கும், சில மாதத்தில் போல்ட் தளரும். சீட் ரெயிலின் மேல் வெல்டிங் வைப்பது எங்களுக்குச் சற்றும் உடன்பாடில்லை. வலுவேற்றிய எஃகு அந்தச் சூட்டில் தன் குணத்தை இழந்துவிடும்.

இரண்டு ரெயிலும் இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கப் பூட்டு மட்டும் விழும். ஓட்டுநர் பிரேக் மிதிக்கும்போது சீட் நழுவும். எனவே போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, சீட்டை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டி, இரு பக்கமும் பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகு முடுக்குங்கள். சட்டம் செய்யும் முன்பே ஆளை உட்காரவைத்துத் தலைக்கும் கூரைக்கும் இடைவெளி, கிளட்ச்சை முழுக்க மிதிக்கும்போது தொடை ஸ்டியரிங்கில் இடிக்கிறதா என்பதையெல்லாம் அளந்துவிடுங்கள். புது சீட் பெரும்பாலும் உயரம் கூடுதல்.

சீட்டில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக். சீட்டைக் கழற்றும் புது வண்டியில் முதலில் பேட்டரியைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொடுங்கள். மீட்டரால் அதன் மின்தடையைச் சோதிக்கவே கூடாது. பழைய டிரக்கில் அது வேலை செய்யாது என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். மோட்டார் சீட்டுக்கு பேட்டரியிலிருந்து பியூஸோடு தனி ஒயர் வேண்டும். டிரக் 24 வோல்ட் என்றால் 12 வோல்ட் மோட்டாரை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள், எரிந்துபோகும்.

வண்டியை ஒப்படைக்கும்போது போல்ட்டின் அளவு, கிரேடு, எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் திரும்ப வரவழைத்து எல்லாப் போல்ட்டையும் முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். அதற்குத் தனிக்கூலி வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
இதே வேலையில் இருக்கும் உங்கள் நண்பர்கள்