வாய்முகூர்த்தம் பலிக்கும் நாடகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் கையில் ஏதாவது ஒரு கைடு சுற்ற ஆரம்பித்துவிடும். அதில் ரோமியோ ஜூலியட் நாடகம் முழுவதும் ஒரு பட்டியலாகக் கிடக்கும். இந்த வரி உவமை, அந்த வரி உருவகம், இது முரண், இது சிலேடை, அப்புறம் நாடக முரண் என்றால் என்ன, உதாரணத்துடன் விளக்குக. மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், மார்க்கும் விழுகிறது. கல்லூரியில் பல வருடமாக இதே நாடகத்தை நடத்திக்கொண்டிருப்பவன் நான். பெயர் சரியாகச் சொல்லும் பையனிடம், ‘சரிப்பா, அந்த உருவகம் அந்த இடத்தில் எதற்கு வந்தது?’ என்று கேட்டால் வருகிற ஒரே பதில், ‘அழகுக்காக சார்.’

அழகுக்காக இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அரங்கத்தை நினைத்துப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் இதை எழுதிய 1590களில் லண்டன் பொது அரங்குகளில் நாடகம் நடந்தது பட்டப்பகலில், நடுவே கூரையில்லாத முற்றத்தில். ஜூலியட்டாக நடித்ததும் ஒரு பையன்தான். விளக்கை அணைத்து இருட்டாக்க வழியில்லை, ஆனால் கதையின் முக்கியமான கட்டமெல்லாம் இரவில் நடக்கிறது. அப்படியானால் இரவை எங்கிருந்து கொண்டுவருவது? பேச்சிலிருந்துதான். தீவட்டிகளுக்கே எரியக் கற்றுக்கொடுக்கிறாள், இரவின் கன்னத்தில் நகைபோலத் தொங்குகிறாள் என்று ரோமியோ சொல்லும்போது அவளைப் புகழ்வது பாதி வேலை, வெயிலில் நிற்கிற கூட்டத்தின் கண்ணில் இருட்டை ஏற்றுவது மீதி வேலை. ‘அது கிழக்கு, ஜூலியட்தான் சூரியன்’ என்ற பேர்போன வரியும் அப்படித்தான். (அந்தக் காட்சியை எல்லோரும் பால்கனி காட்சி என்கிறோம், நாடகத்தில் பால்கனி என்ற சொல்லே இல்லை. கதை நடக்கும் இத்தாலிய நகரமான வெரோனாவில் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பால்கனியும் இருபதாம் நூற்றாண்டில் ஒட்டவைத்தது.)

இந்த நாடகத்தில் ஒளிதான் ஓங்கி நிற்கிறது என்று ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் கரோலைன் ஸ்பர்ஜன் 1935லேயே எழுதிவிட்டார். கைடு அதைச் சுருக்கி ‘ஒளி என்றால் காதல், இருள் என்றால் சாவு’ என்று போட்டுவிடுகிறது. மூன்றாம் அங்கத்தின் விடியற்காலைக் காட்சியைப் படித்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். கூவுவது வானம்பாடி இல்லை, இராக்குயில்தான் என்று ஜூலியட் அடம்பிடிக்கிறாள், ஏனென்றால் ரோமியோவை நாடுகடத்தியிருக்கிறார்கள், விடிந்தால் அவன் தலை தப்பாது. வெளிச்சம் ஏற ஏற நம் துயரம் இருட்டுகிறது என்கிறான் அவன். இங்கே ஒளிதான் எதிரி, அவர்களைக் காப்பாற்றுவது இருட்டு.

முரணும் இதே கதிதான். ‘ஈயத்தில் செய்த இறகு, பளபளக்கும் புகை, குளிர்ந்த நெருப்பு’ என்று ரோமியோ அடுக்கிக்கொண்டே போகிற வரிகளை, அவன் ஜூலியட் மேல் வைத்த காதலுக்கு உதாரணமாக ஒரு கைடில் பார்த்தேன். அப்போது அவன் ஜூலியட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! ரோசலின் என்ற இன்னொரு பெண்ணுக்காக, அந்தக் காலத்துக் காதல் கவிதைகளின் பாணியில் உருகிக்கொண்டிருக்கிறான், நாடகாசிரியர் அவனைக் கொஞ்சம் கிண்டல்தான் செய்கிறார். ஜூலியட்டிடம் முதன்முதலில் பேசும்போது அவன் தனியாக அடுக்குவதில்லை. அவன் தொடங்க, அவள் பதில் சொல்ல, இரண்டு பேர் பேச்சும் சேர்ந்து பதினான்கு வரியில் சானெட் என்ற கவிதை வடிவம் முழுதாக ஆகிவிடுகிறது. அடுத்ததைத் தொடங்கும்போது செவிலி வந்து, அம்மா கூப்பிடுகிறார் என்று கலைத்துவிடுகிறாள். அதே முரண் அணி மறுபடி வருவது ஜூலியட் வாயில், கணவனே தன் தாய்மாமன் மகன் டிபால்ட்டைக் கொன்றுவிட்டான் என்று கேட்ட நிமிடத்தில். ‘அழகான கொடுங்கோலனே, தேவதை முகம் கொண்ட பேயே.’ ரோமியோவுக்கு அது பாணி. இவளுக்கு வேறு எப்படிப் பேசவும் வழியில்லை. பரீட்சைத் தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே மார்க்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாடகத்தில் யார் என்ன உருவகம் சொன்னாலும் அது பின்னால் நடந்துவிடுகிறது. நம் வீடுகளில் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது என்பார்களே, அதுதான்.

சாவு மாப்பிள்ளையாக வருகிற உருவகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து முடிந்து, அவன் யார் என்று கேட்டுவரச் செவிலியை அனுப்பும் ஜூலியட், ‘அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் கல்லறைதான் என் கல்யாணப் படுக்கை’ என்கிறாள். சின்னப் பெண், பதினான்குகூட நிரம்பவில்லை, வாயில் வந்ததைச் சொல்கிறாள். ரோமியோவை நாடுகடத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும், ரோமியோ இல்லை, சாவே என்னைக் கொள்ளட்டும் என்கிறாள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மறுத்தபோது பெற்ற தாய் கோபத்தில் சொல்கிறாள்: ‘இந்த முட்டாள் தன் கல்லறையைக் கட்டிக்கொண்டு தொலையட்டும்.’ அதற்குள் மகளுக்கு ரகசியமாகக் கல்யாணம் ஆகிவிட்டது, அது தாய்க்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அப்புறம் செத்தவள்போல உறங்கவைக்கும் மருந்தைக் குடித்துக் கிடக்கும் மகளைப் பார்த்து அப்பா கபுலெட், ‘சாவுதான் என் மருமகன், சாவுதான் என் வாரிசு’ என்று அழுகிறார். கல்யாண வாத்தியமெல்லாம் சாவு மணியாகட்டும், விருந்து இழவுச் சோறாகட்டும் என்கிறார். அவள் சாகவில்லை. ஆனால் அவர் சொன்னது சில காட்சிகள் முன்னதாகச் சொல்லப்பட்ட உண்மை என்பது பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், நெஞ்சை அடைக்கும்.

கடைசியில் அந்த உருவகம் ரோமியோ வாயில் வந்து நிற்கிறது. கல்லறைக்குள் அவள் முகத்தைப் பார்க்கிறான். உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறது, சாவின் வெளுத்த கொடி அங்கே ஏறவில்லை என்கிறான். உயிர் இருப்பதற்கான அடையாளத்தை அவனே வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதற்கு அர்த்தம் வேறு கண்டுபிடிக்கிறான்: உருவமில்லாத சாவும் உன்மேல் ஆசைப்பட்டுத்தான் உன்னை இந்த இருட்டில் வைத்துக்கொண்டிருக்கிறதா, அந்தப் பயத்தாலேயே உன்னைவிட்டுப் போக மாட்டேன் என்று சொல்லி விஷத்தைக் குடிக்கிறான். உருவகம் அவனை அங்கே உட்கார வைத்துவிடுகிறது. இதை ‘பெர்சானிஃபிகேஷன், இரண்டு மார்க்’ என்று முடித்துவிட்டால் என்ன படித்தோம்?

இன்னொன்று. ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்ல அனுப்பிய கடிதம், அவன் போயிருந்த மாண்டுவா நகருக்குப் போய்ச் சேராததைக் கைடுகள் விதி என்று எழுதுகின்றன. ஏன் போகவில்லை? கொண்டுபோன துறவி ஜான் நுழைந்த வீட்டில் கொள்ளைநோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, ஊர்க் காவலர்கள் கதவை அடைத்துச் சீல் வைத்துவிட்டார்கள். 1592 தொடங்கி இரண்டு வருடம் இதே நோயால் லண்டன் அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன, அந்தக் கூட்டத்துக்குச் சீல் வைத்த கதவைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கும் வேண்டியதில்லை. ஆனால் குத்துப்பட்டுச் சாகும்போது ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ திரும்பத் திரும்பச் சொன்னது என்ன? உங்கள் இரண்டு வீட்டிலும் கொள்ளைநோய் விழ! அதுவரை பாதி சிரிப்பும் சிலேடையுமாகப் போன நாடகம் திரும்புகிற இடம் அது. அவன் சாபம் அப்படியே வந்து கதவை அடைக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினால் பின் பெஞ்சில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருகிறான், பார்த்திருக்கிறேன்.

பாத்திரத்துக்குத் தெரியாதது பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்கிற நாடக முரணுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. காதலர் இருவரும் சாவார்கள் என்று முன்னுரைப் பாட்டே சொல்லிவிடுகிறது. முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடாதா என்று கேட்கிற மாணவருக்குச் சிலப்பதிகாரப் பதிகத்தைக் காட்டலாம், அங்கேயும் கதை முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. முடிவு தெரிந்தவருக்குத்தான் ஒவ்வொரு பேச்சும் இரண்டு பேச்சாகக் கேட்கும். முன்னுரையைச் சாய்ஸில் விட்டவருக்கு அந்த இரண்டாவது பேச்சு கேட்பதே இல்லை.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘பின்வரும் வரியில் அமைந்துள்ள அணியைச் சுட்டுக’ என்பதை ஒரே ஒரு வருடம் எடுத்துவிட்டு, ‘மூன்றாம் அங்கத்தில் ஜூலியட்டின் தாய் சொன்ன சாபம் அதன் பிறகு எந்தெந்த இடத்தில், யார் வாயில் திரும்ப வருகிறது?’ என்று ஐந்து மார்க்குக்குக் கேளுங்கள். நாடகத்தைப் படிக்காமல் இதை எழுத முடியாது. அடுத்த வருடம் கைடில் இதற்கும் விடை வந்துவிடும், வரட்டும், அப்போது காதலர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த துறவி லாரன்ஸின் மூலிகைப் பேச்சுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.