ஹார்ட்லி என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

லீட்ஸ்,
மார்கழிக் கடைசி

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் நலமா? இங்கே சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. நம்ம தோட்டத்துப் பெங்களூரா மாமரங்கள் இந்நேரம் பூ வைக்கத் தொடங்கியிருக்கும். இங்கே என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்தில் ஒரு இலைகூட இல்லை.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். பரீட்சையில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வாங்கித்தான் நர்ஸாக இங்கே வந்தேன். வந்த முதல் மாதமே மானம் போனது.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எழுந்து நிற்க அன்று ராத்திரி அவ்வளவு பாடுபட்டார், பாவம். ஷிஃப்ட் முடிக்கும்போது நோட்டில் 'ஷி ட்ரைட் ஹார்ட்லி டு ஸ்டாண்ட்' என்று எழுதிவைத்தேன். காலையில் வந்த சீனியர் படித்துவிட்டு, 'ஏன், நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தாரா?' என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்லோ ஸ்லோலி ஆகிறது, குயிக் குயிக்லி ஆகிறது, அப்போது ஹார்ட் ஹார்ட்லிதானே? இல்லையாம். ஹார்ட் என்றாலே போதும், 'கஷ்டப்பட்டு' என்று ஆகிவிடும். ஹார்ட்லி என்றால் 'இல்லை என்றே சொல்லலாம்' என்கிற மாதிரி. மூச்சு வாங்க முயன்ற பாட்டியை முயலவே இல்லை என்று எழுதிவைத்திருக்கிறேன்! இதே மாதிரி, தாமதமாக வந்தேன் என்பதற்கு லேட்லி போட்டுவிடாதே. அது 'சமீபகாலமாக'. ஃபாஸ்ட்டுக்கு 'லி' என்கிற வாலே கிடையாது, 'வேகமான', 'வேகமாக' இரண்டுக்கும் அதே சொல்தான்.

இதையாவது மனப்பாடம் பண்ணிவிடலாம். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொற்கள் இருக்கின்றனவே, அவைதான் ஆளைக் கவிழ்க்கும். இன்னொரு பாட்டி ஒரு நாள் 'ஐ ஆம் கெட்டிங் ஆன், லவ்' என்றார். (இந்தப் பக்கம் முன்பின் தெரியாதவரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள், நம்ம ஊரில் 'கண்ணு' என்கிற மாதிரி. அம்மாவிடம் முதலிலேயே விளக்கிவிடு.) கெட் ஆன் என்றால் பஸ்ஸில் ஏறுவது என்றுதானே படித்தோம்? 'எங்கே போகப் போகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டே கழன்றிருக்கும். 'எனக்கு வயசாகிக்கொண்டே போகிறது' என்று சொல்லியிருக்கிறார்.

பைத்தியக்காரத்தனமான மொழி என்று தோன்றியது. அப்புறம் ராத்திரி டியூட்டியில் யோசித்துப் பார்த்தேன், நாம் மட்டும் என்ன? பாட்டி உன்னை 'போ' என்றால் ஒன்று, 'போய்த் தொலை' என்றால் வேறு, 'போய்ப் பார்' என்றால் இன்னொன்று. தொலை என்பதற்குத் தொலைந்துபோ என்றா அர்த்தம்? எரிச்சல், அவ்வளவுதான். அவர்கள் வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டுகிறார்கள், நாம் இன்னொரு வினையையே ஒட்டுகிறோம். இதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு அந்த மொழி மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

ஆனால் நம்முடையதை அப்படியே பெயர்த்துச் சொன்னால் வம்பு. வந்த புதிதில் வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு தாத்தாவிடம் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்லிவிட்டு வந்தேன். போயிட்டு வரேன் என்று நினைத்துத்தான். அடுத்த நாள் சொல்கிறார்கள், நான் திரும்பி வருவேன் என்று அவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

'தான்' வேறு. நேற்றுதான் வந்தேன் என்பதை 'ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அவர்கள் ஒன்லியை வினைக்கு முன்னாலேயே வைத்து, எஸ்டர்டேயில் குரலை அழுத்திவிடுகிறார்கள். நம்ம 'இன்னும்' அங்கே இரண்டாக உடையும்: இன்னும் சாப்பிடுகிறார் என்றால் ஸ்டில், இன்னும் சாப்பிடவில்லை என்றால் பெரும்பாலும் யெட்.

நீ இங்கிலீஷில் அனுப்பியதற்கு வருகிறேன். 'ஐ ஆம் கோயிங் டெய்லி டு காலேஜ், ஆல்வேஸ் ஐ ஆம் லேட்.' தினமும் செய்கிற வேலைக்கு வெறும் 'ஐ கோ' போதும், டெய்லியைக் கடைசிக்குத் தள்ளு. ஆல்வேஸ் மற்ற வினைகளுக்கு முன்னால் வரும், ஆம் வந்தால் அதற்குப் பின்னால் போகும்: ஐ ஆல்வேஸ் கம் லேட், ஐ ஆம் ஆல்வேஸ் லேட். நம்ம ஆட்கள் சொல்கிற 'ஐ ஆம் நோயிங்' எங்கிருந்துதான் வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தமிழில்கூட 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. இங் போட்டால் கெத்து என்று ட்யூஷனில் பழகிவிட்டோம் போல.

புத்தகம் ஒன்று போதும், பணத்தைக் கரைக்காதே. கிருஷ்ணகிரி சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுகிற அம்மா எந்த இலக்கணம் படித்தாள்? காதில் விழுந்ததை அப்படியே முழு வாக்கியமாகப் பிடித்துக்கொண்டாள். நீயும் தினம் அரை மணி நேரம் இங்கிலீஷ் ரேடியோ கேள், கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல். தனிச் சொல்லாக எழுதி வைக்காதே.

பாட்டியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. கேழ்வரகு மாவு அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல், இங்கேயே கடையில் கிடைக்கிறது. களி கிண்டுகிற துடுப்புதான் கிடைக்கவில்லை. யாராவது வந்தால் கொடுத்துவிடு, சின்னதாக இருந்தால் போதும்.

அன்புடன்,
அக்கா